தலைவருக்கு ஒரு பெடல்

சித்தாண்டிப் பிரதான வீதியில் முச்சக்கர வண்டி திருத்துகிற வினாயகமூர்த்திக்கு நாற்பத்தொன்பது வயது. வாரத்தில் ஆறு நாள் அவருடைய கைகள் கிரீசுக்குள் கிடக்கும். ஏழாம் நாள் அதே கைகளைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, மடியில் கித்தாரைக் கிடத்தி, தந்திகளின் மேல் ஓர் உருக்கு உருளையை வழுக்கவிட்டு வாசிப்பார். வாவியலை இசைக்குழுவில் இருபத்திரண்டு வருடமாக அவருக்கு ஒரு கதிரை இருக்கிறது. மேடையின் இடது ஓரம், ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால். பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அவர் தெரிவதில்லை. மற்றப் பாதிப்பேர் அவரை வயர் இழுக்க வந்தவர் என்று நினைக்கிறார்கள். ஆனாலும் அது அவருடைய கதிரை. அது இல்லாவிட்டால் தான் வெறும் வண்டி திருத்துகிற பாஸ்தான் என்று அவர் மனைவி ரஞ்சிதமலரிடம் சொல்லியிருக்கிறார்.

குழுவின் தலைவர் நல்லரத்தினம், இளைப்பாறிய கூட்டுறவுச் சங்க முகாமையாளர். ஒலிபெருக்கிகள் அவருடையவை என்பதால் அவர் தலைவர். ஒலிவாங்கியும் அவருடையது என்பதால் அவரே முதன்மைப் பாடகர். அவருடைய குரலுக்கு ஒரு குணம் உண்டு. பல்லவியில் சுருதியோடு நிற்பார். முதல் சரணத்தில் கொஞ்சம் இறங்குவார். இரண்டாம் சரணம் முடிவதற்குள் முழுதாக அரைக்கட்டை கீழே போய்விடுவார். இதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவராகவே கண்டுபிடித்து வைத்திருக்கும் காரணம் வேறு. பாட்டு நடுவில் வாத்தியங்கள் ஏறிவிடுகின்றனவாம்.

போன மார்கழியில் டொரொண்டோவிலிருந்து வினாயகமூர்த்தியின் அக்காவின் மகன் கப்பலில் ஒரு பெட்டி அனுப்பினான். சொக்லேற், சவர்க்காரம், இந்த ஊரில் யாருமே போடமுடியாத குளிர் ஜக்கெட்டுகள், அவற்றுக்கு அடியில் ஒரு பெடல் ஸ்டீல் கித்தார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் முதியோர் இல்லம் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். பார்ப்பதற்குக் கால் முளைத்த இஸ்திரி மேசை மாதிரி இருந்தது. மேலே பத்துத் தந்திகள். கீழே பாதத்தால் மிதிக்க மூன்று பெடல்கள், முழங்காலால் தள்ள நான்கு லீவர்கள். மிதித்தால் உள்ளேயிருக்கும் கம்பி தந்தியை இழுக்கும், சுருதி மாறும். எந்த மிதி எந்தத் தந்தியை எவ்வளவு மாற்ற வேண்டும் என்பது வாசிப்பவரின் தீர்மானம். பெட்டிக்குள் அடங்கவேண்டும் என்று மருமகன் கம்பிகளையெல்லாம் கழற்றிவிட்டான். எது எங்கே இருந்தது என்று ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை.

வினாயகமூர்த்தி கவலைப்படவில்லை, சந்தோஷப்பட்டார். கம்பி பூட்டுவது அவருடைய தொழில். ஒரு வாரம் யூடியூப்பில் வீடியோ பார்த்தார். ஈ நைன்த் என்றும் சீ சிக்ஸ்த் என்றும் இரண்டு விதமாகச் சுருதி கூட்டலாம் என்று அறிந்தார். ஈ நைன்த்தைத் தெரிவுசெய்ய ஒரே ஒரு காரணம்தான். பழைய கித்தாரில் உருளையை நகர்த்தினால் எல்லாத் தந்திகளும் ஒன்றாகத்தான் ஏறும், ஒன்றாகத்தான் இறங்கும். இதிலோ ஒரு தந்தி நின்ற இடத்தில் நிற்க, பக்கத்துத் தந்தி மட்டும் மெல்ல மேலே ஏறும். இருபத்திரண்டு வருடமாக அவர் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அதுதான். அதற்கு ஐந்தாம் தந்தியும் ஆறாம் தந்தியும் ஏறவேண்டும். இரண்டு பெடல் போதும்.

ஆனால் வாவியலை இசைக்குழுவில் பொதுக்கூட்டம் போடாமல் யாரும் ஒரு தந்திகூட மாற்ற முடியாது.

ஞாயிறு பின்னேரம் நல்லரத்தினத்தின் வீட்டு விறாந்தையில் கூட்டம். செயலாளர் கூட்டறிக்கைப் புத்தகத்தை விரித்தார்.

"பெடல் மூண்டு, லீவர் நாலு," என்றார் தலைவர். "கூட்டினா ஏழு. குழுவுல நாமளும் ஏழு பேர். ஆளுக்கொண்டு."

ஏறாவூரிலிருந்து வந்து தாளம் வாசிக்கிற ரிஸ்கான் சிரித்துவிட்டான். "தலைவரே, இது கித்தாரா, உங்கட கோயில் திருவிழாவா? வம்சக் குடிக்கொரு நாள் பிரிக்கிற மாதிரிப் பிரிக்கிறீங்க."

"பிரிச்சாத்தான் மனே பிரச்சினை வராது. முதலாம் பெடல் தலைமைக்கு. அது வழமை."

"அப்ப ரெண்டாம் பெடல் செயலாளருக்கு," என்றார் செயலாளர், தானே எழுதியபடி. "காவடிப் பாட்டு வந்தா மிதிக்கிறதுக்கு."

"மிதிச்சா என்ன வரணும்?" என்று வினாயகமூர்த்தி கேட்டார்.

"அது நீங்க பாத்துக்கொள்ளுங்க. பெடல் என்ட பேருல இரிந்தாச் சரி."

பொருளாளர் கும்மிக்குக் கொலுசுச் சத்தம் வருகிற ஒரு லீவர் கேட்டார். கீபோட் வாசிக்கிற சிவதர்ஷன் மட்டும் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "எனக்கு ஒண்டும் வேணாம். என்ட கீபோட்டுல இருபத்தேழாம் நம்பர அமத்தினா இந்தச் சத்தம் அப்பிடியே வருது."

தலைவர் தொண்டையைச் செருமினார். "அதுவும் ஒரு கதைதான். புத்தாண்டுக்குப் புளியந்தீவுல நிகழ்ச்சி. அதுக்குள்ள இந்த மேசை ஒழுங்கா வேலை செய்யணும் மூர்த்தி. இல்லாட்டி கீபோட்டோட சமாளிப்பம், மேடையில இடமும் காணாமத்தான் கிடக்கு." செயலாளர் அதையும் எழுதிக்கொண்டார்.

லீவர்களின் பங்கு இரண்டு கிழமைகூட நிலைக்கவில்லை. வாவியலையின் சீருடை வேட்டி. லீவர் வேலை செய்ய முழங்கால்கள் தனித்தனியாக அசையவேண்டும். வேட்டிக்குள் வலது முழங்கால் விலகினால் இடதும் கூடவே போனது, பொருளாளருடைய லீவரும் உபதலைவருடைய லீவரும் ஒன்றாக இழுபட்டன, கித்தார் கதவிடுக்கில் அகப்பட்ட பூனை மாதிரிக் கத்தியது. ஏழு பேர் கூடிப் பங்கு பிரித்த அன்று ஒருவருக்கும் தாங்கள் உடுத்தியிருந்தது ஞாபகம் வரவில்லை. காற்சட்டை போடலாமா என்று வினாயகமூர்த்தி கேட்டுப்பார்த்தார். "கலாசாரம் என்னத்துக்கு ஆகிற?" என்றார் தலைவர். லீவர்கள் நான்கும் கழன்றன. பங்கு இழந்தவர்கள் ஒரு வாரம் கதைக்கவில்லை.

மூன்று பெடல் மிஞ்சியது. ஒரு மத்தியானம் கடையை மூடிவிட்டு அவர் ஐந்தாம் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் கம்பி பூட்டினார். ஒரு கம்பி குறைந்தது, பழைய முச்சக்கர வண்டியின் பிரேக் கம்பியை வெட்டிப் போட்டார். உருளையை வைத்து, மீட்டி, மிதித்தார். ஒரு தந்தி நின்றது. மற்றது ஏறியது. குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றுபோனது.

"இது என்ன, ஆரோ அழுற மாதிரிக் கிடக்கு?" ரஞ்சிதமலர் கையில் பாதித் தேங்காயோடு வந்து நின்றார்.

"நல்லாருக்கா?"

"இன்னொருக்கா வாசிங்க." அவர் ஐந்து தரம் வாசித்தார். அதன்பிறகு ரஞ்சிதமலர் சொன்னார்: "இதக் கொண்டுபோய் அந்தாள்ட பாட்டுக்குப் பின்னால வாசிக்கப் போறீங்களா? பாவம்." யார் பாவம் என்று வினாயகமூர்த்தி கேட்கவில்லை.

அடுத்த நாளே தலைவர் கடைக்கு வந்தார். திருத்தக் கிடந்த வண்டியொன்றின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"என்ட பெடல் என்ன மாதிரி?"

"உங்களுக்கு என்ன செய்யணும் எண்டு சொல்லல்லியே அண்ணே."

"நான் பாடக்குள்ள வாத்தியமெல்லாம் ஏறுது. நீ கேட்டிருப்பாய். அத இறக்கிறத்துக்கு ஒரு பெடல்."

வினாயகமூர்த்தி நட்டை இறுக்குவதை நிறுத்தினார். "அதுக்குப் பெடல் என்னத்துக்கு அண்ணே? உருளையக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தாச் சரி. நான் எத்தினையோ தரம் இழுத்திருக்கன்."

"கையால இழுத்தா அது பிழை. நாலு பேர் பாப்பான். பெடலால இறக்கினா அது தொழில்நுட்பம்." தலைவர் வண்டியிலிருந்து இறங்கினார். "சிவதர்ஷன் நேத்தும் வந்து கதைச்சவன். இருபத்தேழாம் நம்பராம். நான் இன்னும் முடிவு சொல்லல்ல."

கணக்கு இலேசானது, அதனால்தான் வலித்தது. தலைவர் இறங்குகிற இடத்துக்கு இறங்க வேண்டுமென்றால் ஐந்து தந்திகள் இறங்கவேண்டும். ஐந்தாவதும் ஆறாவதும் அவற்றில் அடக்கம். ஒரே தந்தியை ஏற்றவும் இறக்கவும் பூட்டிப் பார்த்தார். கிளச்சிலிருந்து எடுத்த ஸ்பிரிங் இரண்டில் ஒரு வேலையைத்தான் ஒழுங்காகச் செய்தது. இறக்கம் சரியாக வந்தால் ஏறிய தந்தி பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. மூன்று நாள் ஸ்பிரிங் மாற்றி மாற்றிப் பார்த்தார். மருமகன், "மாமா, புது பார்ட்ஸ் எடுத்து அனுப்பட்டா? வர ரெண்டு மாதமாகும்" என்று குரல் செய்தி போட்டான். புத்தாண்டுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

ஏறுகிற கம்பிகள் இரண்டையும் வினாயகமூர்த்தி கழற்றினார். ரஞ்சிதமலர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதிரை முக்கியந்தான்," என்றார். "ஆனா இருந்து என்ன செய்யப் போறீங்க எண்டும் ஒருக்கா யோசிங்க."

அவர் யோசிக்கவில்லை. யோசித்தால் கை நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும்.

புளியந்தீவு மண்டபம் நிறைந்திருந்தது. நல்லரத்தினம் பல்லவி பாடினார், எல்லாரும் சேர்ந்திருந்தார்கள். முதல் சரணத்தில் இறங்கினார், வினாயகமூர்த்தி கால்வாசி மிதித்தார். இரண்டாம் சரணத்தில் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் இறங்க, இவர் முழுதாக மிதித்துக் கூடவே இறங்கினார். பாட்டும் கித்தாரும் கீழே ஒன்றாக நின்றன. மேலே, சரியான சுருதியில், சிவதர்ஷனின் கீபோட் மட்டும் தனியாக நின்றது. இரண்டு பேர் ஒரு பக்கம், ஒருவன் மறுபக்கம். முன்வரிசையில் ஒருவர் முகத்தைச் சுளித்து, கீபோட்டைத்தான் பார்த்தார். பின்வரிசைகளும் அங்கேயே பார்த்தன. சிவதர்ஷன் பதறிப்போய்ப் பட்டன்களைத் தேடினான். எதை அமத்தியும் பயனில்லை, ஏனென்றால் அவனில் பிழை எதுவும் இருக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் தலைவர் வினாயகமூர்த்தியைக் கட்டிப்பிடித்தார். "இண்டைக்குத்தான் மூர்த்தி, ஒரு வாத்தியம் கடைசி மட்டும் என்னோட நிண்டது!" திரும்பி, "தம்பி, உன்ட கீபோட்டக் கொண்டுபோய் ஒருக்காக் காட்டு. சுருதி விலகிட்டு," என்றார்.

சிவதர்ஷன் வினாயகமூர்த்தியைப் பார்த்தான். அவன் காதுள்ளவன். நடந்தது அவனுக்குத் தெரியும். அவனுக்காக ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வினாயகமூர்த்தி குனிந்து வயர் சுற்றத் தொடங்கினார்.

அடுத்த கூட்டத்தில் அவருக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் நிறைவேறியது. கதிரை ஒலிபெருக்கிக்குப் பின்னாலிருந்து தலைவருக்குப் பக்கத்துக்கு வந்தது.

சிவதர்ஷன் கெட்டிக்காரன். அவனுடைய கீபோட்டின் இடது ஓரத்தில் ஒரு சிறு சில்லு உண்டு, உருட்டினால் சுருதி இறங்கும். வாழைச்சேனையில் நடந்த அடுத்த நிகழ்ச்சியில் அவன் தலைவரின் வாயைப் பார்த்துப் பார்த்து உருட்டினான். இவர் மிதித்தார், அவன் உருட்டினான். தலைவர் போன இடத்துக்கெல்லாம் குழுவே போனது. ரிஸ்கான் மட்டும் தாளக்கருவிகளுக்குப் பின்னாலிருந்து, "தட்டுறதுக்குச் சுருதி இல்லாதது அல்லாஹ்ட காவல்," என்று முணுமுணுத்தான்.

அன்று குழுவில் வராத ஒருவருக்கு மாற்றாகப் புல்லாங்குழல் வாசிக்க ஓர் ஆளைக் கூட்டி வந்திருந்தார்கள். அவருக்கு இந்த ஏற்பாடுகள் தெரியாது. பாட்டு முடிந்ததும் நல்லரத்தினம் வியர்வையைத் துடைத்தபடி வினாயகமூர்த்தியின் காதருகே குனிந்தார்.

"குழல்காரன் ஏறுறான், கவனிச்சியா? அதுல ஏதாவது பூட்ட ஏலாதா?"

வினாயகமூர்த்தி அந்தப் புல்லாங்குழலைப் பார்த்தார். மூங்கில், ஆறேழு துளை, கம்பியும் இல்லை ஸ்பிரிங்கும் இல்லை. எந்தத் துளையில் மெழுகு வைத்தால் எவ்வளவு இறங்கும் என்று அவர் மனம் ஏற்கெனவே கணக்குப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

"பாப்பம் அண்ணே," என்றார்.