இத்தா வீட்டுக் கம்ப்யூட்டர்

வீட்டுக் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்கப் போகிறவள் திருப்புளியை எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இதுக்குள்ள யாரு இருக்காங்க?"

சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போன பிள்ளைகள், முகம் பார்த்துப் பேசுவதற்காக வீட்டுக்கொரு பெட்டி வாங்கி வைத்துவிட்டுப் போன காலம் அது. ஒரத்தநாட்டில் எனக்கு ஒரு சின்ன சர்வீஸ் கடை. பெட்டி கொஞ்சம் மந்தமானால் போதும், "எல்லாத்தையும் அழிச்சுட்டு, பழைய ஆன்ட்டிவைரஸைத் தூக்கிட்டு, புதுசாப் போட்டுடுங்க" என்று கடல் தாண்டி உத்தரவு வந்துவிடும். அழிப்பது ஒரு பிற்பகல் வேலை. அழித்த பிறகுதான், "அந்தக் கல்யாண போட்டோ எங்கே?" என்று வீடே சூழ்ந்து நிற்கும். நீங்களும் அப்படிச் சூழ்ந்து நின்றிருப்பீர்கள், அல்லது என்னைப் போல நடுவில் அகப்பட்டிருப்பீர்கள். அந்த உரிமையில் ஒரு வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

பொம்பளை ஆளாத்தான் வேணும்

பேராவூரணிக்குக் கிழக்கே, கடலோர ஊர் ஒன்றிலிருந்து பர்வீன் என்ற பெண் போன் செய்தாள். "டீச்சர், நீங்கதான் வரணும். கடையிலேர்ந்து ஆம்பளைய அனுப்பிடாதீங்க. அம்மா இத்தா இருக்காங்க." கணவனை இழந்த பெண், வெளி ஆண்களின் கண்ணில் படாமல் குறிப்பிட்ட காலம் வீட்டுக்குள்ளேயே இருப்பது அவர்கள் வழக்கம். கம்ப்யூட்டரோ அந்த உள்ளறையில்தான் இருந்தது. நான் முன்பு கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்ததால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் டீச்சர்.

வெள்ளைச் சேலையில், சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார் பர்வீனின் தாய் ஜமீலா அம்மா. அவர் கணவர் ஷார்ஜாவில் வேலை பார்த்தவர். அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமானவர். கார்டில் காசு தீர்ந்து ஊருக்குப் பேச முடியாத நாட்களில், மனைவியிடம் சொல்ல நினைத்ததைத் தன் போனிலேயே பேசிப் பதிந்து வைத்திருக்கிறார். அவருடைய துணிப்பெட்டி வீடு வந்தது, அதில் வைத்த போன் வரவில்லை. நல்லவேளை, அறைக் கூட்டாளி அந்தப் பேச்சுகளை முன்பே எடுத்து, ஒரே ஜிப் மூட்டையாகக் கட்டிப் பென் டிரைவில் போட்டு, லீவில் வந்த ஊர்க்காரரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அவரிடமும் வேறு நகல் இல்லை. பர்வீன் பென் டிரைவைச் செருகினாள். திரையில் ஏதோ ஆன்ட்டிவைரஸ் எச்சரிக்கை சிவப்பாக மின்னியது. மூட்டையைக் காணோம். ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கவில்லை.

ஜமீலா அம்மா அழவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "வந்த மனுசனை வாசல்லயே பிடிச்சு உள்ள போட்டுருச்சு டீச்சர். திட்டவும் முடியல. காவலுக்குன்னு நாமதானே வச்சோம்."

மகன் போட்டது, மாப்பிள்ளை போட்டது

பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு ஆன்ட்டிவைரஸ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. ஒன்று சிங்கப்பூரில் இருக்கும் மகன் அன்வர் போட்டது. இன்னொன்று துபாயில் இருக்கும் மாப்பிள்ளை, பர்வீனின் கணவர் ரஃபீக் போட்டது. இரண்டும் ஒன்றையொன்று திருடன் என்று நினைத்துத் துரத்திக்கொண்டிருந்தன. பாவம், பெட்டி நகர முடியாமல் திணறியது. அன்வர் போனில், "எல்லாத்தையும் அழிச்சுடுங்க டீச்சர், அத்தா பேச்சு போனது போனதுதான்" என்றான். அப்பாவைச் சொல்லும்போது அவன் குரலும் உடைந்துதான் இருந்தது.

எனக்கு அழிக்க மனசு வரவில்லை. ஆன்ட்டிவைரஸ் சந்தேகப்பட்டதை உடனே கொன்றுவிடுவதில்லை. பெரும்பாலும் தனியாக ஓர் இடத்தில் பூட்டி வைக்கும். அந்த ஆன்ட்டிவைரஸையே நீக்கினால் பூட்டியதும் அதோடு போய்விடும். ஆகவே எதை நீக்குவதற்கு முன்னும் இரண்டின் பூட்டறைகளையும் பார்த்தாக வேண்டும். இதை விளக்கிவிட்டு, "ரெண்டு வச்சிருக்கக் கூடாதும்மா, ஒண்ணை எப்பவோ எடுத்திருக்கணும்" என்றேன்.

ஜமீலா அம்மா பெருமூச்சு விட்டார். "மவன் போட்டதை எடுத்தா மவன் ஒரு நாள் பேசமாட்டான். மாப்ள போட்டதை எடுத்தா மாப்ள ஒண்ணுமே சொல்லமாட்டாரு. அதுதான் டீச்சர் பயம்."

மடை அடைத்தவர்

முதலில் மற்ற படங்களையும் பத்திரங்களையும் நகலெடுக்க வைத்தேன். அந்தப் பெட்டியின் வேகத்துக்கு நாற்று பாவிவிட்டு வந்து பார்க்கலாம். சும்மா உட்கார்ந்திருந்தால் ஜமீலா அம்மாவின் கண் திரையைவிட்டு நகராது. அதனால் எங்கள் ஊர்ப் பக்கத்து விவசாயி ஒருவரின் கதையைச் சொன்னேன்.

பழைய ஆன்ட்டிவைரஸை எடுத்துப் புதியதைப் போடும் இடைவெளியில் பெட்டிக்குக் காவல் கிடையாது, அதனால் இன்டர்நெட் வயரைப் பிடுங்கி வையுங்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். திரும்ப மாட்டச் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. குறுவை நெல் அறுப்பு முடிந்தும் ஆள் கம்ப்யூட்டரில் தட்டுப்படவில்லை என்று சிங்கப்பூரில் இருக்கும் அவர் மகன் என்னிடம் முறையிட்டான். நான் போய்க் கேட்டேன். வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தவர் நிமிர்ந்து சொன்னார்: "தண்ணி வந்தாத்தானே டீச்சர் பூச்சி வரும்? மடையை அடைச்சுட்டேன். நீங்க போட்டது நல்ல சாமான், ஒரு வைரஸ் எட்டிப் பாக்கல."

ஜமீலா அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பர்வீன் குனிந்து பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "சிரிக்கிறாங்க டீச்சர்! அந்த ஆளு கதையை இன்னொரு தடவை சொல்லுங்க."

துபாய்க்கு ஒரு போன்

மகன் போட்டதின் பூட்டறை காலியாக இருந்தது. மாப்பிள்ளை போட்டது பாஸ்வேர்டு கேட்டது. ரஃபீக்கைத்தான் கேட்க வேண்டும் என்றதும் ஜமீலா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் டீச்சர். பிரியமா போட்டுக் குடுத்தாரு. தான் போட்டதுதான் மாமா பேச்சை முழுங்குச்சுன்னு தெரிஞ்சா அந்தப் புள்ள தாங்காது. நான் கேக்காமலே இருந்துட்டுப் போறேன்." கேட்காமலே இருப்பதென்றால் என்னவென்று எனக்குத் தெரியும். என் கணவரின் குரலை நான் எதிலும் பிடித்து வைக்கவில்லை.

கொல்லைப் பக்கம் போனேன். கடற்காற்று தென்னைக்குள் புகுந்து, வெளியே வர வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ரஃபீக்கை அழைத்து, பழைய ஆன்ட்டிவைரஸை எடுக்கப் பாஸ்வேர்டு வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை, எடுப்பதற்கும் அது வேண்டும்தான். அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார். மாமனார் தன்னைச் செல்லமாகக் கூப்பிட்ட பெயர் அது என்றார். நன்றி சொல்லி போனை வைக்கப் போனேன். "டீச்சர், டீச்சர்" என்று அவசரமாகக் கூப்பிட்டார்.

"எடுக்கிறதுக்கு முன்னாடி உள்ள ஏதாச்சும் பூட்டிக் கெடக்கான்னு பாருங்க. மாமா பேச்சு காணோம்னு பர்வீன் சொன்னா, நான் போட்டதுதான் எடுத்திருக்கும்னு தோணுது. நான் கேட்டேன்னு மாமிகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர், அவங்க என்கிட்ட கேக்கவே இல்ல, தெரியாமலே இருந்துட்டுப் போகட்டும்."

உப்பு

இன்டர்நெட் வயரைப் பிடுங்கினேன். ரஃபீக் சொன்ன பெயரை அடித்ததும் பூட்டறை திறந்தது. ஒரே ஒரு மூட்டை, பத்திரமாக இருந்தது. நெல்லோடு வண்டு வருவதுபோல், பேச்சுகளோடு ஒரு வைரஸ் நிரலும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதற்காகத்தான் மூட்டையோடு பூட்டியிருக்கிறது. காவலைச் சற்று நிறுத்தி, மூட்டையை வெளியே எடுத்துப் பிரித்து, பேச்சுகளை மட்டும் பொறுக்கினேன். நிரலைத் திறக்காமலே அழித்தேன். பேச்சுகளை இரண்டு சிடியில் பதிந்து, பர்வீன் கையில் ஒன்றும் அலமாரியில் ஒன்றுமாக வைத்தேன்.

பிறகு ஒன்றை ஓட விட்டேன். மின்விசிறிச் சத்தம். தட்டு நகரும் சத்தம். பெரிய வார்த்தை ஏதாவது வருமென்று நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவகாசமான ஓர் ஆண் குரல் வந்தது: "ஜமீலா, இன்னிக்கு மீன் கொழம்புல உப்பு ஜாஸ்தி. உன்னைத் திட்டலாம்னு வாயைத் தொறந்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, வச்சது நானாச்சே."

பர்வீன் வெளியே ஓடிவிட்டாள். ஜமீலா அம்மா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, எதிரில் இருப்பவரிடம் சொல்வதுபோல் சொன்னார்: "ரெண்டு உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டிருந்தா சரியாயிருக்குமே. கேட்டாத்தானே நீங்க."

கடைசியில் எதைப் போட்டோம்

அதன் பிறகே பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் அழித்தேன். எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி, ஒரே ஒரு ஆன்ட்டிவைரஸ் போட்டு, அதை வைத்து நகல்களைச் சோதித்து, ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். ஆன்ட்டிவைரஸ் போடும்போதுதான் பெரிய சிக்கல் வந்தது. மகனுடையதா, மாப்பிள்ளையுடையதா? தாயும் மகளும் கண்ணாலேயே வெகுநேரம் பேசிக்கொண்டார்கள்.

ஜமீலா அம்மா முடிவு சொன்னார்: "ரெண்டும் வேணாம். உங்க இஷ்டத்துக்கு மூணாவதா ஒண்ணைப் போடுங்க. கேட்டா, டீச்சர் ரொம்பக் கண்டிப்பு, சொன்னா கேக்கமாட்டாங்கன்னு ரெண்டு பேருகிட்டயும் சொல்லிக்கிறோம்."

வைரஸைக் கண்டுபிடிக்க எத்தனையோ மென்பொருள் வந்துவிட்டது. ஒரு மாமியாரும் மாப்பிள்ளையும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒளித்து வைக்கும் பிரியத்தைக் கண்டுபிடிக்க இன்னும் ஒன்றும் வரவில்லை, வந்தாலும் அதை நான் எந்த வீட்டிலும் போடமாட்டேன்.