அன்வர் பாய் போடச் சொன்ன கேள்விக்குறி

அன்வர் பாய் போய்விட்டார். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பி, சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்... ஹார்ட் அட்டாக்.

மீர்சாகிப்பேட்டையில் அவர் வீட்டிலிருந்து இப்போதுதான் திரும்பினேன். அடக்கம் முடிந்துவிட்டது. தப்பும் தவறுமாக டைப் ஆகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சின்ன ஆவணக் காப்பகம். நானும் அவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பழைய கடிதம், மனு, பத்திரம் எது வந்தாலும் படித்து, எந்த வருடத்தது என்று கேட்டலாக்கில் ஏற்றுவதுதான் வேலை.

கேட்க சுலபமாக இருக்கும். ஆனால் நிறைய காகிதங்களில் தமிழ் வருடத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். அதே பெயர் அறுபது வருடம் கழித்துத் திரும்ப வரும். எந்தச் சுற்று என்பதில் கோட்டை விட்டால் அறுபது வருடம் போச்சு.

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். காகிதத்தை வைத்து உறுதியாகத் தெரிந்த வருடம் என்றால் அப்படியே எழுதுவோம். நாங்களாக ஊகித்தது என்றால் சதுர அடைப்புக்குறிக்குள், கூடவே ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறி விஷயத்தில் பாய் விடாக்கண்டர்.

நான் அவசரக்காரி. "மேடம், இத எழுதினவங்கல்லாம் போய்ச் சேர்ந்துட்டாங்க. அவங்களுக்கே அவசரம் இல்ல, உங்களுக்கு இன்னா?" என்று ஓட்டுவார்.

அவர் பிறந்த தேதியே, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் குத்துமதிப்பாகப் போட்டதுதான். ஆபீஸில் கேக் வாங்கினால், "மேல பேரு வோணாம்ப்பா, ஒரு கேள்விக்குறி போட்டு வாங்கியா" என்பார். வருடா வருடம் இதே ஜோக்... வருடா வருடம் சிரிப்போம்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ரொம்பப் பயமாக இருக்கிறது.

அடையாற்றங்கரைக் குடியிருப்பு ஒன்றிலிருந்து யாரோ அந்தக் காலத்தில் தண்ணீர்க் குழாய் கேட்டு எழுதிய மனு எங்களிடம் வந்தது. 'பிலவ வருஷம் ஆவணி மாசம்' என்று மட்டும் போட்டிருந்தது. 1901 ஆகவும் இருக்கலாம், 1961 ஆகவும் இருக்கலாம்.

பாய் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "துரை அவர்களுக்குன்னு எழுதிகீறான் பாருங்க, பழைய சுத்தா இருக்கலாம். ஆனா வெள்ளைக்காரன் போனப்புறமும் பழக்கதோஷத்துல துரைன்னு எழுதினவன் உண்டு. நமக்குத் தெரியாது மேடம். கேள்விக்குறியோட போடுங்க."

சரி என்றேன். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது தேதிக் கட்டம் எண்ணைத் தவிர எதையும் வாங்கவில்லை. அடைப்புக்குறி போட்டால் சிவப்பு, கேள்விக்குறி போட்டால் சிவப்பு... அன்றைக்கே அந்தப் பெட்டியை முடித்தாக வேண்டும். இரண்டையும் எடுத்துவிட்டு, பிந்திய சுற்றின் வருடத்தை, 1961 என்று மொட்டையாகப் போட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை, பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். என் பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை. அவர் லாகின் திறந்தே இருந்தது... அதில்தான் போட்டேன்.

திரும்பி வந்து பார்த்துவிட்டு, "கேள்விக்குறி எங்க மேடம்?" என்றார். "ரிமார்க்ஸ்ல போட்டுடறேன் பாய்" என்றேன். போடவில்லை. அப்புறம் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். அப்போதும் போடவில்லை.

இப்போது அந்தக் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்கிறார்கள். சர்க்கார் கரையை அளந்து எல்லை போடுவதற்கு முன்பே இங்கே இருந்தோம் என்று காட்டினால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. எங்கள் கேட்டலாக் பக்கத்தை எதிர்த்தரப்பு பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிட்டது. மனுவே அதற்குப் பிறகு எழுதியதுதானே என்று. திங்கட்கிழமை கோர்ட்டில் விசாரணை.

போன வாரம் விஷயம் தெரிந்ததும் பாய் என்னைக் கடிந்துகூடப் பேசவில்லை. "நானும் வரேன் மேடம், ரெண்டு பேருமா போய்ச் சொல்லிடலாம்" என்றார்.

இன்று பாயைச் சுமந்துகொண்டு ஜனாஸா கிளம்பிய பிறகு, உள்ளே பாயின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குடியிருப்பிலிருந்து தனம் வந்திருந்தார். அந்த மனுவைப் பார்க்க ஆபீஸுக்கு அடிக்கடி வருவார், பாய்தான் டீ சொல்லி உட்காரவைத்துப் பேசுவார்.

என் காதோரம் குனிந்து கேட்டார். "பாய் தங்கமான மனுசன்மா. எங்க மனுவுக்கு மட்டும் இந்த வருசத்த இன்னாத்துக்குப் போட்டாரு? கம்ப்யூட்டர்ல அவரு பேருதான் கீதுன்னு வக்கீல் சொல்றாரு. சாவு வூட்ல கேக்கக் கூடாது... ஆனா எங்க வூடு போய்டும்மா."

மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் பாயின் மனைவிக்குக் கேட்டுவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன். துக்கம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்... பயம்.

வெளியே வந்ததும் மேலதிகாரியிடமிருந்து போன். "லாகின் அவரோடது. இனிமே அவரைப் போய் யார் கேக்கப் போறாங்க? நீங்க கம்முனு இருங்க, திங்கக்கிழமை தானா முடிஞ்சிடும்" என்றார். ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது என்மீதே பயமாக இருக்கிறது.

தனம் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் பார்த்தால் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். தனம், அந்த வருடத்தைப் போட்டது பாய் இல்லை, நான். அது வெறும் ஊகம். கேள்விக்குறியை எடுத்ததும் நான்தான். திங்கட்கிழமை வந்து இதையே சொல்கிறேன்.

வேலை போகலாம். வேறு என்னென்ன வரும் என்று தெரியவில்லை.

படிக்கிறவர்கள் தயவுசெய்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் பயந்துபோய் நானே இதை அழித்தாலும் அழித்துவிடுவேன்.

பாய்... மன்னியுங்கள். போய் வாருங்கள்.