உயிரோடிருந்த ஜெனரலுக்கு மாலை போட்டேன்

மூன்று வருடங்களுக்கு முன், இத்தாலியின் பலெர்மோ நகரில் சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் ஓர் இத்தாலிய அம்மையாரின் வீட்டில் சமையலும் துப்பரவும் செய்துகொண்டிருந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, யுத்தம் துரத்தியது. நாலு நாடுகளில் கிடைத்த வேலையைச் செய்து, கிடைத்த இடத்தில் படுத்து, இங்கே வந்து சேர்ந்தவன் நான். பெர்மெஸோ என்னும் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. சிஞ்ஞோராவின் வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் என் காகிதம் நகராது.

வரவேற்பறைச் சுவரில் ஒரேயொரு படம். நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு ஓர் அமெரிக்க ஜெனரல். சிறு வயதில் நிலநடுக்கத்தில் வீடு இடிந்தபோது தன்னைக் கற்களுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த இளம் அதிகாரி இவர்தான் என்று சிஞ்ஞோரா சொன்னார். தினமும் படத்தைத் துடைத்துப் பெருமூச்சு விடுவார். சுவரில் தனியாகத் தொங்கும் படம், அதன் முன் ஒரு பெருமூச்சு. நம்மவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

ஜெனரல்மார் என்றால் எனக்கு ஆகாது. எங்கள் ஊரில் குண்டு போடச் சொன்னவர்களும் ஜெனரல்கள்தான். ஆனாலும் இவர் ஒரு குழந்தையைக் காப்பாற்றியவர். பல்லரோ சந்தைக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் சந்தனம் வாங்கிப் பொட்டு வைத்தேன். பால்கனி மல்லிகையில் மாலை கட்டிப் போட்டு விளக்கும் ஏற்றினேன். சிஞ்ஞோரா "அழகு!" என்று கைதட்டினார். தினமும் இது தொடர்ந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். படத்தில் இருந்தவர் எண்பது வயதுக் கிழவராக, ஊன்றுகோலோடு நின்று சிரித்தார்!

குசினிக்குள் ஓடி, எனக்கு இந்த வேலையைப் பிடித்துத் தந்த கீழ்வீட்டு அக்காவுக்குப் போன் அடித்தேன்.

"அக்கா, செத்தவர் வந்து நிக்கிறார்!"

"என்னடா அலம்பிறாய்?"

"ஜெனரல், அக்கா. உயிரோட வந்திட்டார்."

"ஐயோ, உயிரோட இருக்கிற மனுசனுக்கோ மாலை போட்டனி? கேட்டால் சும்மா அழகுக்குச் செய்த சோடினை எண்டு சொல்லு. உண்மையைச் சொன்னியெண்டால் மனுசி உன்னைக் கலைச்சுப்போடும். பிறகு பெர்மெஸோவும் இல்லை, ஒண்டும் இல்லை!"

திரும்பி வந்தால், ஜெனரல் தன் படத்துக்கு முன்னாலேயே நிற்கிறார். "இது என்ன?" என்று தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் கேட்டார். சோடினை என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை.

"எங்கள் வழக்கத்தில் இது இறந்தவர்களுக்குப் போடுவது" என்றேன்.

சிஞ்ஞோரா அலறினார். கெட்டது அண்டாமலிருக்க இங்குள்ளவர்கள் இரும்பைத் தொடுவார்கள். அவர் பாய்ந்து பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வெளியே போ!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

ஜெனரலோ வயிறு குலுங்கச் சிரித்தார். "என் சாவுக்குக்கூட இப்படியொரு மாலை கிடைக்காது! சரி, என்ன வேண்டிக்கொண்டாய்?"

"உங்கள் ஆத்மா அலையாமல் ஆறட்டும் என்று."

சிரிப்பு நின்றது. கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு பணப்பையிலிருந்து நிறம் போன சின்னப் படமொன்றை எடுத்தார். சீருடையில் ஏழு இளைஞர்கள். அவருடைய கட்டளைப்படி சண்டைக்குப் போய்த் திரும்பாதவர்கள்.

"இவர்களுக்குப் போடு" என்றார். "எங்கே போனாலும் என் பதக்கங்களைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இவர்களைக் கேட்பாரில்லை."

ஒவ்வொருவராக விரலால் தொட்டு ஏழு பெயர்களையும் சொன்னார். ஐந்தாவது பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னார். நான் மாலையைக் கழற்றி அந்தச் சின்னப் படத்தைச் சுற்றி வைத்தேன். சிஞ்ஞோரா கம்பியை விட்டுவந்து, தானே ஒரு தீக்குச்சியைக் கிழித்து இன்னொரு விளக்கை ஏற்றினார். பிறகு என்னைப் பாராமலே கேட்டார்: "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாய்?"

அன்று நான் படியிறங்கவில்லை, பறந்தேன்!

ஜெனரல்மார் மீதுள்ள கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் எங்கள் ஊரில் கட்டளையிட்டவர்களில் ஒருவராவது, தன் சொல்லால் செத்தவர்களின் பெயர்களை இப்படி ஒவ்வொன்றாக நினைவில் வைத்திருப்பாரா என்று அந்த ஞாயிறுக்குப் பிறகு அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.