லண்டன் போய்த் திரும்பிய இரண்டு எழுத்து

மேற்குத் தாம்பரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் எட்மண்டைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. வேலை பார்த்த கம்பெனியின் ரகசியத்தை லண்டன்காரனுக்கு விற்றாராம். அந்தப் பணத்தில்தான் ஆறு மெஷின் வாங்கிப் போட்டாராம். கிளப்பிவிட்டது சலூன் துளசிங்கம். வெட்டுகிற தலை ஒன்றுக்கு ஒரு வரி சேர்த்து, 1977 முடிவதற்குள் எட்மண்டுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியும் மாடம்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு நிலமும் வாங்கிக் கொடுத்துவிட்டார். எட்மண்டிடம் கண்ணாடியும் கிடையாது, நிலமும் கிடையாது. மெஷின்கூட மூன்றுதான், அதிலும் ஒன்று பாதி வரியில் நின்றுவிடும். நடந்த கதையே வேறு.

எட்மண்ட் அப்போது கிண்டியில் ஒரு பீங்கான் கம்பெனியில் ஸ்டெனோ. கரண்டுக் கம்பத்தின் உச்சியில் வெள்ளை வெள்ளையாகக் கோப்பை கவிழ்த்த மாதிரி இருக்குமே, அந்த இன்சுலேட்டர் செய்கிற கம்பெனி. மின்சார போர்டு டெண்டர் கூப்பிட்டால் நாலு கம்பெனிகள் போட்டி போடும். போட்டியெல்லாம் வெளியேதான். உள்ளுக்குள் நாலும் கூடிப் பேசி, இந்தத் தடவை உனக்கு, அடுத்த தடவை எனக்கு என்று முறை வைத்திருந்தார்கள். முறை இல்லாதவர் வேண்டுமென்றே விலையை ஏற்றி எழுதித் தோற்பார். இதில் லண்டன் கம்பெனி ஒன்றும் கூட்டு. சிலோன் டெண்டருக்கு நாங்கள் வரமாட்டோம், இந்தப் பக்கம் நீங்கள் வராதீர்கள் என்று ஏற்பாடு.

இந்தக் கடிதங்களைச் சொல்லச் சொல்ல எழுதவைப்பவர் மேனேஜர் வைத்தீஸ்வரன். லெட்டர்ஹெட் கூடாது, கம்பெனி பெயர் கூடாது, கையெழுத்து கூடாது. "என் பேரோட நிழல்கூட அதுல விழப்படாது, தெரியறதா?" என்பார்.

எட்மண்டுக்குத் தெரிந்தது. ஆனால் விரலுக்குத் தெரியவில்லை. ஸ்டெனோக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடிதம் முடிந்ததும் இடது பக்க அடியில், சொன்னவரின் இனிஷியலையும் அடித்தவரின் இனிஷியலையும் தட்டிவிட்டுத்தான் தாளை உருவுவார்கள். எட்மண்ட் ஞாபகமாக மேனேஜரின் இனிஷியலை விட்டார். பதினாலு வருஷம் பழகிய விரல் தன் பாட்டுக்கு ஓடி 'எல்.ஈ.' என்று தட்டிவிட்டது. லாசரஸ் மகன் எட்மண்ட். தலையும் இல்லாத வாலும் இல்லாத கடிதத்தில் ஒரே ஒரு ஆளின் அடையாளம், அது சம்பளம் குறைந்த ஆளுடையது. 1971 மார்ச்சில் அது லண்டனுக்குப் பறந்தது.

மூன்று வருஷம் கழித்து, லண்டனில் இந்த மாதிரி விலைக் கூட்டுகளைப் பிடிக்கிற சர்க்கார் ஆபீஸ், அந்தக் கம்பெனியின் பீரோவைத் திறந்தது. கடிதமும் கிண்டி முத்திரை குத்திய கவரும் கிடைத்தன. டெல்லியிலும் அப்போது இதே வேலைக்குப் புதிதாக ஒரு கமிஷன் வந்திருந்தது. 'உங்கள் ஊர் ஆள் மாதிரித் தெரிகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்' என்று லண்டன் ஆபீஸ் ஒரு போட்டோஸ்டாட் எடுத்து அங்கே அனுப்பிவிட்டது. டெல்லியிலிருந்து ராஜாராமன் என்ற ஆபீசர் கிண்டிக்கு வந்து இறங்கினார்.

அவர் வந்த செவ்வாய்க்கிழமை, மேனேஜர் எட்மண்டை ரூமுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"என்ன காரியம்யா பண்ணி வச்சிருக்கே?"

"சார், கை தானா..."

"கையை அப்புறம் பேசிக்கலாம். நம்ம ஆபீஸ்ல இன்னொரு எல்.ஈ. இருந்தாளே, லாரெய்ன் எட்வர்ட்ஸ். ஆஸ்திரேலியாவுக்குப் போயிட்டா. அவதான் அடிச்சான்னு சொல்லிடு. யார் சொல்லி அடிச்சா, எனக்குத் தெரியாதுன்னுடு. முடிஞ்சுது. இல்லேன்னா நாளைக்கு நீ ஆபீசுக்கு வரவேண்டாம்."

லாரெய்ன் பரங்கிமலை ஆங்கிலோ இந்தியப் பெண். எட்மண்டின் பக்கத்து மேஜைக்காரி. இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்குக் கார்டு போடுகிறவள். எட்மண்ட் போய் ராஜாராமனிடம் அதை அப்படியே ஒப்பித்தார்.

ராஜாராமன் நிதானமாக எழுதிக்கொண்டார். "சரி. வெள்ளிக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுடுங்கோ. நான் எழும்பூர்லதான் தங்கியிருக்கேன்."

"அந்தம்மா வெளிநாட்டுல இருக்காங்களே, சார்?"

"அதனால என்ன? லண்டன்காரா நமக்கு எழுதலையா? ஆஸ்திரேலியாவுலயும் இப்படி ஒரு ஆபீஸ் வரப்போறதாம். நாம எழுதினா அவா போய் விசாரிச்சுட்டுப் போறா."

அவ்வளவுதான், எட்மண்டின் நிம்மதி போயிற்று. புதன்கிழமை கிண்டியில் இறங்க மறந்து கோடம்பாக்கம் போய்த் திரும்பினார். சாயங்காலம் ஷேவ் பண்ணின முகத்தையே மறுபடி ஷேவ் பண்ணினார். உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் வாசலுக்குப் போனார், வாசலில் தபால்காரரைப் பார்த்ததும் உள்ளே வந்தார். பொழிச்சலூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த மனைவி தபீதாள், பரீட்சைத் தாள் கட்டை மூடி வைத்தாள்.

"என்னங்க, வயித்து வலியா, இல்ல யாரையாவது ஏமாத்திட்டு வந்தீங்களா? ரெண்டுக்கும் உங்க மூஞ்சி ஒரே மாதிரிதான் இருக்கும்."

எட்மண்ட் கொட்டிவிட்டார். கடைசியில் தபீதாள் கேட்டாள்: "அந்த லெட்டர் எப்ப அடிச்சது?"

"எழுபத்தொண்ணு மார்ச்."

"லாரெய்ன் எப்பக் கப்பலேறினா?"

எட்மண்ட் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.

"ஹில்டா என் வயித்துல இருக்கும்போது அவளை வழியனுப்பப் போனோம். ஹில்டா பொறந்தது எழுபது டிசம்பர். கப்பல்ல உக்காந்துகிட்டா உங்க லெட்டரை அடிச்சா? நீங்களும் உங்க மேனேஜரும் சேர்ந்து யோசிச்ச லட்சணம் இது!"

"தபீ, ஜெயில்ல போட்டுடுவாங்களா?"

"பொய்யில கையெழுத்துப் போட்டா போடுவாங்க. இன்னும் போடலையே?"

"வேலை போயிடுமே."

"போகும். ஜெயிலுக்குப் போனா மட்டும் வேலை இருக்குமா?"

வியாழக்கிழமை காலையில் எட்மண்ட் எழும்பூருக்கு டிக்கெட் எடுத்தார். மீனம்பாக்கத்தில் இறங்கினார். அடுத்த வண்டியில் ஏறினார். சைதாப்பேட்டையில் இறங்கி, தாம்பரம் வண்டிக்காக எதிர் பிளாட்பாரத்துக்குப் போனார். வண்டி வந்தது, ஏறவில்லை. இப்படி நாற்பது நிமிஷப் பயணத்தை மூன்று மணி நேரமாக்கி, வேர்த்து நனைந்த சட்டையோடு ராஜாராமன் முன்னால் போய் நின்றார்.

"சார், அடிச்சது நான். சொன்னது மேனேஜர். லாரெய்னுக்கு ஒண்ணும் தெரியாது."

ராஜாராமன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். "உக்காருங்கோ. அந்தம்மா ரிசைன் பண்ணின தேதியை ஆபீஸ் ரிஜிஸ்டர்ல செவ்வாய்க்கிழமையே பார்த்துட்டேன்."

"அப்ப ஏன் சார் வெள்ளிக்கிழமைன்னீங்க?"

"நீங்களா வரேளான்னு பார்த்தேன்."

எட்மண்ட் உட்கார்ந்து, மற்றக் கடிதங்களின் சுருக்கெழுத்து நோட்டுகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பது வரை சொல்லி, கையெழுத்தும் போட்டார். கமிஷன் நாலு கம்பெனிகளையும் கூப்பிட்டு, இனி கூடிப் பேசி விலை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. கம்பெனியில் வைத்தீஸ்வரனைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். எட்மண்டை எங்கும் மாற்றவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தபீதாளின் சம்பளத்தில் ஒரு வருஷம் ஓடியது. பிறகு ஏலத்தில் எடுத்த பழைய மெஷின்களோடு இன்ஸ்டிட்யூட் திறந்தார்.

போன மாதம் எட்மண்ட் துளசிங்கத்தின் நாற்காலியில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் ரயில்வே தசரதன் காத்திருந்தார்.

"இன்னா சார், இத்தினி வருசமாச்சு, லண்டன்காரன் எவ்ளோ குட்த்தான்னு நம்மகிட்ட சொல்லக்கூடாதா?" என்றார் துளசிங்கம்.

"சும்மா இருய்யா," என்றார் தசரதன். "சார் மனசாட்சிக்குப் பயந்து நாட்டுக்காகச் செஞ்சாரு. இந்தக் காலத்துல எவன் செய்வான்?"

எட்மண்ட் கத்தரிக்கோலைக் கையால் தள்ளிவிட்டுத் திரும்பினார்.

"லண்டன்காரன் ஒரு பைசா குடுக்கலை. நாட்டுக்காகவும் இல்ல, மனசாட்சியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஊர்ல இல்லாத பொம்பளை மேல பழியைப் போட்டேன். அது நிக்காதுன்னு என் பொண்டாட்டி சொன்னா. பயந்துபோய் உண்மையைச் சொன்னேன். அந்தப் பொய் மட்டும் நின்னிருந்தா, இன்னிக்கும் கிண்டியில உக்காந்து அதே லெட்டரைத்தான் அடிச்சுக்கிட்டு இருப்பேன்."