நீலச் சீஸுக்குத் தொட்டுக்கப் பதநீர்

என் வீட்டுக்காரர் வெள்ளைக்காரர், இங்கிலாந்தில் சீஸ் செய்கிற வேலை. வடக்கே, மழை ஓயாத ஒரு ஊரில், ஒரு பால்பண்ணையில். நான் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களுக்குக் கல்யாணமான சேதி சங்கரன்கோவிலில் இருந்த என் அப்பாவுக்கு ஒரு போட்டோ வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. முன்னாடியே எழுதிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இன்றைக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம், ஆனால் அதுதான் உண்மை.

அப்பா பதில் போடவில்லை. ஒரு வருஷம் இல்லை, ரெண்டு வருஷம் இல்லை, ஏழு வருஷம். அம்மாதான் எழுதுவாள். "அப்பா சுகம். வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று முடித்துவிடுவாள். ஏழாவது வருஷம், "லீவுக்கு வா. அவரையும் கூட்டிட்டு வா. அப்பாகிட்ட சொல்லிட்டேன், வேண்டாம்னு சொல்லல" என்று ஒரு கடிதம் வந்தது. எங்க அப்பா வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அது பாதிச் சம்மதம். மீதிப் பாதியை வாங்கத்தான் நான் பிளேன் ஏறினேன்.

எண்பதுகளின் ஆரம்பம், மே மாசம். அப்பா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். ரிட்டயரான ஹெட்மாஸ்டர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கி, பிரயாணம் சௌகரியமா, வெயில் தாங்க முடிகிறதா என்று இலக்கணம் பிசகாத இங்கிலீஷில் விசாரித்தார். அவர் எங்கள் பெட்டியைக்கூடத் தூக்கினார். என்னைத்தான் பார்க்கவில்லை. பிளாட்பாரத்துத் தூணைக்கூட வழியில் நின்றால் மனுஷன் ஒரு தடவை ஏறிட்டுப் பார்ப்பான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டார். "ஏளா, வந்தவங்களுக்கு வெந்நி போடு. அவளுக்குத் தலைக்கு ஊத்தணுமான்னு கேளு."

நான் மூணடி தள்ளி நிற்கிறேன். அம்மா என் பக்கம் திரும்பி, "தலைக்கு ஊத்துதியான்னு அப்பா கேக்காவ" என்கிறாள். என்னத்தைச் சொல்ல!

எங்களுக்குப் பத்து நாள்தான். அதற்குள் அப்பா என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். வைதாலும் சரி. அதைத் தவிர எனக்கு அந்த ஊரில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

இதற்கு நடுவில் என் வீட்டுக்காரருக்கு வேறொரு கவலை. மாமனாரைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாது என்று மூணு விதமான சீஸ் கொண்டுவந்திருந்தார். ஒன்று செடார். அதை அவரே செய்து, வருஷத்துக்கு மேல் பக்குவப்படுத்தி, வாரத்துக்கு ஒருதரம் புரட்டிவைத்து, பிள்ளை மாதிரி வளர்த்திருந்தார். இன்னொன்று கையில் எடுத்தால் உதிர்ந்துபோகிற லங்காஷயர். மூணாவது ஸ்டில்டன். உள்ளே நீலநீலமாகப் பூசணம் ஓடியிருக்கும். அதை அவிழ்த்ததும் அம்மா இரண்டடி பின்னால் போய், "ஏட்டி, இது கெட்டுப்போச்சா, இல்ல இப்படித்தானா?" என்றாள். இப்படித்தான் என்றேன். "கருவாட்டுப் பானைக்கு அண்ணன் தம்பியால்லா இருக்கு" என்றாள்.

வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. பெரிய மண்பானையைத் தண்ணீர் ஊற்றிய மணலில் புதைத்து, ஈரத்துணியில் சுற்றி அதற்குள் வைத்தோம். அப்படியும் மே மாச வெயிலில் செடாருக்கு வியர்த்துக் கொட்டியது, பாவம்.

முதல் நாள் சாப்பாட்டில் அப்பா தட்டில் ஒரு துண்டு வைத்தார் மருமகன். அப்பா "வெரி நைஸ்" என்று சொல்லி, அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். வாயில் வைக்கவே இல்லை. மறுநாளும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் முகம் சுருங்கிப்போனது. ராத்திரி என்னிடம், "தப்பு என்னுடையது. சீஸை வெறுமனே கொடுத்தால் யாருக்குப் பிடிக்கும்? பீர் வேண்டும்" என்றார்.

அவருக்கு அது ஒரு கிறுக்கு. ஒவ்வொரு சீஸுக்கும் ஒவ்வொரு பீர் உண்டு என்பார். செடாருக்குக் கசப்பான பீர். லங்காஷயர் சாது, அதற்கு மென்மையான பீர். ஸ்டில்டனுக்குக் கறுத்த, தித்திப்பான, கெட்டியான பீர். அந்த உப்புக் காரத்தை இந்தத் தித்திப்பு பிடித்து நிறுத்தும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அப்பாவிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். நான் தடுக்கிறதற்குள் காரியம் முடிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிராந்திக்கடை பார்த்தேன், அங்கே ஒரு விதப் பீராவது கிடைக்காதா என்றும் கேட்டுவிட்டார்.

எங்க அப்பாவிடம்! வாராவாரம் சர்ச்சில் பிள்ளைகளைக் கை தூக்கச் சொல்லி, குடிக்க மாட்டோம் என்று வாக்குறுதி வாங்குகிறவரிடம்!

அப்பா கோபப்படவில்லை. தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். ஒரு எழுத்துப் பிழையைப் பென்சிலால் திருத்தினார். பிறகு இங்கிலீஷில் சொன்னார்: "இந்த வீட்டில் இருமல் மருந்து வாங்கினாலும் லேபிளைப் படித்த பிறகுதான் உள்ளே விடுவேன். மன்னிக்க வேண்டும்."

அம்மாவுக்கு அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் தமிழில் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது; அம்மாவோ சர்வ சாதாரணமாக, "இதுல என்ன அதிசயம்? கம்பங்கூழுக்கு மோர் மிளகா. பழைய சோத்துக்குச் சின்ன வெங்காயம். மாத்திக் குடுத்தா எறங்குமா? உன் மாப்பிள்ளை சொல்லுதது நியாயந்தான். பீர் இல்லாட்டா என்ன, வேற பாப்போம்" என்றாள்.

அன்றிலிருந்து அடுக்களையில் பரிசோதனை. என் வீட்டுக்காரர் மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அம்மா ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசமாட்டாள், அவர் ஒரு வார்த்தை தமிழ் பேசமாட்டார், ஆனால் இரண்டு பேரும் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். செடாருக்குச் சர்க்கரை போடாத கடுங்காப்பி: அவர் தலையாட்டினார், அம்மாவும் ஆட்டினாள். லங்காஷயருக்கு மோர்: ரெண்டு பேரும் முகம் சுளித்தார்கள். "பாலுக்குப் பாலா? அக்கா தங்கச்சியை ஒரே வீட்டுல கட்டிக்குடுத்த மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. அதற்குக் கோலி சோடாதான் ஒத்துவந்தது. ஸ்டில்டன் மட்டும் எதற்கும் மசியவில்லை. பானகம் கொடுத்தோம், எலுமிச்சம்பழச் சர்பத் கொடுத்தோம். ஊஹூம்.

ஏழாம் நாள் காலை தெருவில் பதநீர்க்காரர் சைக்கிளில் வந்தார். பனையிலிருந்து இறக்கிய புதுப் பதநீர், அம்மா ஒரு தம்ளர் வாங்கி நீட்டினாள். என் வீட்டுக்காரர் நீலச் சீஸைக் கொஞ்சம் வாயில் போட்டு அதைக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் எழுந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா வெட்கப்பட்டு, "சரி, சரி, விடச் சொல்லுட்டி" என்றாள். ஒரே ஒரு குறை, சுண்ணாம்பு நெடி கொஞ்சம் தூக்கல் என்று அவர் என்னிடம் சொன்னார். நான் அம்மாவிடம் சொன்னேன்.

பனையில் கட்டுகிற கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். எங்க பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. தெரிந்தும் அம்மா பதநீர்க்காரரிடம், "நாளைக்குச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொறைச்சுக் கொண்டாங்க, அண்ணாச்சி" என்றாள். அவரும் சரி என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பதநீரில் போதை இல்லை, அதோடு ஒரு துண்டு ஸ்டில்டனும் சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்று அப்பாவே மருமகனிடம் ஒத்துக்கொண்டிருந்தார். சர்ச் விட்டு வந்ததும் எல்லாரும் சேர்ந்து சாப்பிட ஏற்பாடு. ஆனால் ஆராதனை முடிந்து அப்பாவுக்குக் கமிட்டி மீட்டிங். கூரை ஓடு மாற்றுகிற விஷயம். வாயைத் திறந்தால் மூடமாட்டார்கள். பன்னிரண்டு போச்சு, ஒன்று போச்சு, ரெண்டரைக்குத்தான் அப்பா வந்தார். காலை ஏழு மணிக்கு வாங்கிய பதநீர் அதுவரைக்கும் அடுக்களையில் ஒரு பானையில் இருந்தது, அதுவும் அந்த வெக்கையில்.

மூடியைத் திறந்தேன். மேலே நுரை. காதை வைத்தால் சின்னச் சத்தம். மூக்கை வைத்தேன், ஐயோ என்றாகிவிட்டது.

"அம்மா, இது கள்ளு."

அம்மா ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "கொல்லையில கொட்டு, சீக்கிரம்" என்றாள். நான் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளோடு மல்லாடித் திறந்துவிட்டுத் திரும்பினால் பானையைக் காணோம். என் வீட்டுக்காரர் உதவி செய்கிறேன் என்று அதைத் தூக்கிக்கொண்டு போய், மேசையில் நாலு தம்ளரில் ஊற்றிவைத்து, பக்கத்தில் ஸ்டில்டனையும் நறுக்கிவைத்திருந்தார். அப்பா மேசையின் தலைப்பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். ஜெபத்துக்கு நடுவில் எங்க வீட்டில் பல்லிகூடச் சத்தம் போடாது. "எங்களுக்கு நீர் தந்த இந்த ஆகாரத்துக்காகவும் பானத்துக்காகவும் ஸ்தோத்திரம்" என்றார்.

இன்னும் ரெண்டு நாள்தான் இருந்தது. ஏழு வருஷக் கோபத்துக்கு மேலே, ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த மனுஷனுக்கு மகள் கள்ளு கொடுத்தாள் என்ற பேரும் சேர்ந்தால், இனி இந்த வாசல்படி எனக்குக் கிடையாது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. அன்றைக்குப் போட்டோவை மட்டும் அனுப்பின அதே கோழைத்தனம்தான்.

ஆமென் சொன்ன அப்பா, வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று ஒரு துண்டு ஸ்டில்டனை வாயில் போட்டார். மென்றார். தம்ளரைத் தூக்கி ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரும் குடித்துவிட்டு, கண்ணை அகலமாக்கி என்னைப் பார்த்தார். பீரையே குடித்து வளர்ந்தவருக்குத் தெரியாதா? அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா தம்ளரைக் கீழே வைத்தார். தலையைத் திருப்பினார். அம்மா பக்கம் இல்லை, என் பக்கம்.

"ஏட்டி" என்றார். "சின்ன வயசு பூரா பனங்காட்டுல கெடந்தவன் நான். எனக்கே கள்ளு ஊத்தித் தாரியா?"

"தெரியாம நடந்துட்டுப்பா. பாத்த உடனே சொல்லணும்னுதான்…"

"பொறவு ஏன் சொல்லல? பயமா? ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருந்தா நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுருப்பேன்?"

அவர் கேட்டது பதநீரைப் பற்றி மட்டும் இல்லை. அந்த மேசையில் தமிழ் தெரியாதவருக்குக்கூட அது விளங்கிவிட்டது.

"சொல்லியிருக்கணும்ப்பா. தப்புத்தான்" என்றேன். ஏழு வருஷமாகக் கடிதத்தில் எழுத வராத வாக்கியம் அது.

அப்பா தன் தம்ளரை மருமகன் பக்கம் நகர்த்தி, "நீங்கள் குடித்துவிடுங்கள், வீணாக்கக் கூடாது" என்று இங்கிலீஷில் சொன்னார். ஸ்டில்டனில் இன்னொரு துண்டை, கொஞ்சம் பெரிசாகவே, அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏட்டி, நிக்காத. எனக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா."

ஓடினேன். இருபது வருஷம் வளர்ந்த வீடு, தம்ளர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கண்ணு மறைக்கிறது, ஒரு செம்பு உருண்டு விழுந்தது.

"என்னட்டி, தண்ணிக்குக் கிணறு வெட்டுதியா?" என்று மேசையிலிருந்து அப்பாவின் சத்தம்.

"வாரேம்ப்பா!" என்று கத்தினேன். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.