பருவம் முடிந்தபின் செல்லும் அட்டை

காலை ஏழு மணி பத்து நிமிடம். வண்டியின் சிறிய யன்னலைத் திறந்தபோது முதலில் தெரிந்தது, ஏரியின் நடுவே நின்ற ஒரு மனிதர். கரையிலிருந்து வெகுதூரத்தில் நின்றும் தண்ணீர் அவருக்கு இடுப்பளவுதான். ஏரியும் வானமும் ஒரே வெண்மையாகக் கிடந்ததால், அவர் எதிலும் காலூன்றாமல் நிற்பதுபோல இருந்தது.

கணவரை எழுப்பிக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யேசுவே வந்திட்டார். நீரும் இறங்கி நடந்து பாரும்."

அந்த ஏரி அவ்வளவு ஆழமற்றது. ஜேர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து அரைமணி நேரத் தூரம். செப்டெம்பர் மாதம், பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள். சுற்றிலும் எங்களைப்போல ஓய்வு பெற்றவர்களின் வெள்ளை வண்டிகள். கணவர் தொழிற்சாலை வேலையை விட்ட வசந்தத்தில், கட்டிலும் அடுப்பும் உள்ள பழைய வோன்மொபில் வண்டி ஒன்றை வாங்கியிருந்தோம். முந்திய நாள் ஹனோவரில் மச்சாள் வீட்டுக்கு, அதாவது கணவரின் மூத்த சகோதரி வீட்டுக்கு, போவதாக இருந்தது. இருட்டில் எதிர்வண்டிகளின் வெளிச்சம் அவர் கண்ணைக் கூசவைத்ததால், வண்டியோடு இரவு தங்கும் இந்த ஏரிக்கரை முகாமுக்குத் திருப்பிவிட்டோம்.

முகாமின் வரவேற்பறையில் இருந்த பெண் ஒரு விலைக்கழிவு அட்டையைப் பற்றிச் சொல்லியிருந்தாள். ஒரு வருடத்துக்குச் செல்லும். நாடெங்கும் முகாம்களில் காட்டினால் வாடகை பாதிக்குக் கிட்ட வந்துவிடும். கோடை நெரிசலில் மட்டும் செல்லாது. ஓய்வு பெற்றவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்றாள்.

தேநீரோடு கணவர் வரைபடத்தை விரித்தார்.

"மே மாதம் ஸ்டுட்கார்ட்."

"அங்க உங்கட சித்தப்பான்ர மகன். வண்டிக்கை படுக்க விடுவாரோ?"

"பிறேமன்?"

"என்ர தங்கச்சி."

விரல் வரைபடத்தின் மேல் கொஞ்ச நேரம் அலைந்து நின்றது. அந்தக் கோடை முழுவதும் எங்கள் வண்டி சொந்தக்காரர் வீட்டு வாசல்களில்தான் நின்றது. நாங்கள் அவர்களுடைய வரவேற்பறைச் சோபாக்களில் படுத்தோம். வீட்டில் இடம் இருக்க வண்டியில் படுப்பது அவர்களை அவமதிப்பது.

"அப்ப இந்த அட்டையை எங்க கொண்டுபோய்க் காட்டுறது?"

"சொந்தக்காரர் இல்லாத ஊரில," என்றேன்.

"அப்பிடி ஒரு ஊர் ஜேர்மனியில இருக்கே?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருடைய சமையலறையிலும் வெங்காயம் வெட்டாமல், எங்கள் மகனுக்கு ஏன் இன்னும் கலியாணம் ஆகவில்லை என்பதற்கு மறுமொழி சொல்லாமல், வருடத்தில் சில நாட்கள் எனக்கு வேண்டும். எங்கள் வழக்கப்படி பயணம் செய்தால் அந்த அட்டை வீண். ஆனால் காசு கொடுத்து வாங்கிவிட்டால் அதைப் பயன்படுத்தாமல் விட அவருக்கு மனம் வராது. அதுவும் எனக்குத் தெரியும்.

தொலைபேசி அடித்தது. மச்சாள்தான். அவருடைய குரல் எனக்கும் கேட்டது.

"அரை மணித்தியாலத்தில வீடு இருக்க, கூடாரம் அடிக்கிற இடத்திலயோ தம்பி படுத்தனீ? ஆக்கள் கேட்டா என்னெண்டு சொல்லுறது? நண்டுக்கறி வைக்கிறன், மத்தியானம் வாங்கோ."

"ஓம் அக்கா, வாறம்."

கணவர் வண்டியின் மின்சாரக் கம்பியைக் கழற்றத் தொடங்கினார். நான் கணக்குத் தீர்க்கப் புறப்பட்டேன். புல்லெல்லாம் நனைந்த சிலந்தி இழைகள். ஒரு முதிய தம்பதி மடக்குக் கதிரைகளில் ஏரியைப் பார்த்தபடி இருந்தார்கள். நான் கடந்து போனதை அவர்கள் கவனிக்கவில்லை. மூடுபனிக்குள் எங்கோ படகின் கயிறு ஒன்று இரும்பில் தட்டிக்கொண்டிருந்தது. வரவேற்பறைக்கு எவ்வளவு நேரம் நடந்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

"கிளம்புகிறீர்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

இல்லை என்றேன். இன்னும் இரண்டு இரவுகளுக்கும் ஓர் அட்டைக்கும் காசு கொடுத்தேன்.

கணவர் அட்டையை இரண்டு பக்கமும் வாசித்தார்.

"அக்காவுக்கு நீரே சொல்லும்."

"உங்கட அக்கா. எனக்கு ஏலாது."

வண்டியின் கண்ணாடிகளைத் துடைத்து, சக்கரங்களைத் தட்டிப் பார்த்து நேரத்தைக் கடத்தினார். ஒரு மணிக்கு முகாமின் மதிய ஓய்வு தொடங்கியது. வண்டிகள் ஓடக்கூடாது, உரத்துப் பேசக்கூடாது. அதன்பிறகுதான் நீரோரமாய்ப் போய்த் தணிந்த குரலில் அழைத்தார்.

"வண்டியில ஒரு சத்தம்…" என்று தொடங்கி, என்னைத் திரும்பிப் பார்த்தார். "இல்லை அக்கா. வண்டி நல்லாத்தான் இருக்கு. நாங்கள் இஞ்ச நிக்கப்போறம்."

மச்சாளுக்கு மதிய ஓய்வு கிடையாது. "அப்ப இந்த நண்டை நான் என்ன செய்ய?" என்பது ஏரிக்கரை முழுவதும் கேட்டது. பக்கத்து வண்டிக்காரர் பத்திரிகையைத் தாழ்த்தினார்.

பிற்பகல் கதவைத் திறந்து வைத்துப் படுத்தோம். தண்ணீரின் ஒளி கூரையில் அசைந்துகொண்டே இருந்தது.

மச்சாள் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வரை எங்களுடன் பேசவில்லை.