தண்ணி மாத்திரை

என் வீட்டுக்காரரைக் கொன்றது கசாயம்தான் என்று மாத்தளையில் பாதிப் பேர் நம்பினார்கள். அது பொய். அந்தப் பொய்யை நான் சொல்லவில்லை. ஆனால் சொன்னவர்களை ஒரு வார்த்தை மறுக்கவும் இல்லை. ஒரு வருஷம் முழுக்க வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவள் மாதிரி இருந்தேன்.

அவர் இரத்தோட்டை ரோட்டில் பிரைவேட் பஸ் ஓட்டியவர். முதலில் படி ஏறினால் மூச்சு வாங்கியது, அப்புறம் படுத்தாலே மூச்சு வாங்கியது. மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூங்குவார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இருதயம் பலவீனமாகி இரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறுகிறது என்றார்கள். பஸ் ஓட்டவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டிவிட்டு, மறுநாள் விடியற்காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டார். அந்த பஸ்ஸில் ஐம்பது பேர் வருவார்களே என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

கிளினிக்கில் ஐந்து வகை மாத்திரை தந்தார்கள். அதில் ஒன்று, உடம்பில் சேருகிற நீரை வெளியே தள்ளுகிற மாத்திரை. எங்கள் வீட்டில் அதற்குத் தண்ணி மாத்திரை என்று பெயர். அதைப் போட்டால் அரை மணிக்கு ஒரு தரம் ஒதுங்கியாக வேண்டும். மலை ரோட்டில், நிறைந்த பஸ்ஸை வைத்துக்கொண்டு, எங்கே போய் ஒதுங்குவது? முதல் வாரமே ஒரு வளைவில் பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தேயிலைக்குள் ஓடியிருக்கிறார். கண்டக்டர் விசிலை ஊதிச் சிரித்தானாம். தோட்டத்துப் பொம்பளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சோற்றைத் தொடவில்லை.

"மானம் போகுது. இதுக்கு நெஞ்சு வலியே தேவலாம்," என்றார்.

"மானமா உசுரான்னு யோசிங்க," என்றேன்.

"ஆமா, நீ வந்து பஸ்ஸை ஓட்டு."

இப்படிப்பட்ட மனுஷனிடம் என்ன பேசுவது? வேறு வழி தெரியாமல்தான் நாலந்தாப் பக்கம் இருந்த ஆயுர்வேத வைத்தியரிடம் கூட்டிப் போனேன். சிங்களவர், பட்டம் வாங்கியவர். வெத மாத்தயா, அதாவது வைத்தியர் ஐயா, என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். அவரும் எங்களோடு சிங்களத்தில்தான் பேசுவார். நாடியை வெகுநேரம் பிடித்திருந்தார். நாக்கைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கிளினிக்கில் மருந்து எழுதித் தந்த கொப்பியை ஒரு பக்கம் விடாமல் படித்தார்.

நெஞ்சு நோயில் ஐந்து வகை உண்டு, இது வாதமும் கபமும் சேர்ந்து வந்தது என்றார். உப்பைக் குறைக்கச் சொன்னார். கருவாட்டையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் மறக்கச் சொன்னார், பகலில் தூங்க வேண்டாம் என்றார். கடைசியாக, "உடம்புல இருந்து வெளிய வர்றது எதையும் அடக்காதீங்க. மூத்திரமோ, தும்மலோ, அழுகையோ, அடக்குனா நெஞ்சுதான் பாடுபடும்," என்றார். பஸ் டிரைவரிடம் சொல்கிற வைத்தியமா இது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

மருதம்பட்டை தந்தார், சிங்களத்தில் கும்புக் என்பார்கள். எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காக வற்றும்வரை மண்சட்டியில் காய்ச்சி, காலையும் மாலையும் குடிக்க வேண்டும். தருவதற்கு முன்னாலேயே ஒரு நிபந்தனை போட்டார்.

"இது மாத்திரைக்குப் பதில் இல்ல. மாத்திரையோட சேத்துத்தான். மாத்திரையை நிறுத்துனீங்கன்னா எங்கிட்ட வர வேணாம், நான் பட்டை தர மாட்டேன்."

இவர் அதற்கும் தலையை ஆட்டினார். ஆட்டுவதற்கென்றே படைத்த தலை.

விடியுமுன் எழுந்து கசாயம் காய்ச்சுவேன். துவர்ப்பென்றால் அப்படி ஒரு துவர்ப்பு, நாக்கு அட்டை மாதிரி ஆகிவிடும். அவர் முகம் சுளிக்காமல் குடித்தார். கசாயத்தில் அவருக்கு ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. அது குளிர்ச்சி, இங்கிலீஷ் மருந்து சூடு, அந்தச் சூடுதான் நெஞ்சைக் கெடுத்தது என்று பஸ் ஸ்டாண்டில் யாரோ ஓதியிருக்கிறார்கள். இரண்டு மாதம் போனது. ஒருநாள் அலுமாரியைத் துடைக்கும்போது பின்னால் ஒரு பை தட்டுப்பட்டது. கிளினிக்கில் தந்த மாத்திரைப் பக்கெட்டுகள், தண்ணி மாத்திரை மட்டுமல்ல, ஐந்தும், பிரிக்காமல் கிடந்தன.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் அசையவில்லை.

"வெத மாத்தயாகிட்டச் சொல்லிடாத. சொன்னா கசாயத்தையும் நிறுத்திருவாரு. அப்ப எனக்கு ஒண்ணுமே இல்ல பாத்துக்க."

அந்தப் பேச்சில் நான் விழுந்தேன். மாத்திரை போனாலும் கசாயமாவது வயிற்றுக்குள் போகிறதே, அதையும் கெடுத்துவிடுவோமோ என்று பயந்தேன். அடுத்த தடவை போனபோது வெத மாத்தயா அவருடைய வீங்கிய கணுக்காலை அழுத்திப் பார்த்தார். அவரைக் கேட்கவில்லை, என் பக்கம் திரும்பினார்.

"மாத்திரை ஒழுங்காக் குடிக்கிறாரா, நோனா?"

"குடிக்கிறாரு," என்றேன். அதற்கடுத்த மாதமும் கேட்டார். அதற்கும் அடுத்த மாதமும் கேட்டார். மூன்று தரமும் அதே பதிலைச் சொன்னேன், கடைசித் தரம் கொஞ்சம் எரிச்சலோடு சொன்னேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு வியர்த்துக் கொட்டியது. கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தன. மூச்சு கொதிக்கிற சட்டி மாதிரிக் களகளவென்றது. திரீவீலரில் என் தோளில் சாய்ந்துகொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து எழுப்பினால் ஆள் இல்லை. ஐயோ, அந்தக் கனம் இன்னும் என் தோளில் இருக்கிறது.

செத்த வீட்டில் கொழுந்தன் அடுப்படிக்குள் போய்க் கசாயச் சட்டியைத் தூக்கிவந்து முற்றத்தில் போட்டு உடைத்தார். "இந்த இழவைக் குடிச்சுத்தான் எங்கண்ணன் போச்சு! நல்லா மாத்திரை குடிச்சுட்டு இருந்த மனுஷனை இந்த வைத்தியன் கொன்னுட்டான்!" என்று கத்தினார். அவருக்கு அண்ணன் என்றால் உயிர். அந்த நேரம் பார்த்து, வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக வெத மாத்தயா வாசல் கேற்றடியில் வந்து நின்றார். கொழுந்தன் போய் அவர் நெஞ்சில் கையை வைத்துத் தடுத்தார். உள்ளே பிணத்தின் தலைமாட்டில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரையை நிறுத்தியது இவர்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பார்கள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். வெத மாத்தயா திரும்பிப் போனார்.

சாவுக்கு பஸ்காரர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்த பேச்சு ஓடாத ரூட் உண்டா? இரண்டே மாதத்தில் வெத மாத்தயா வீட்டில் நோயாளிகள் காத்திருக்கிற வாங்கில் உட்கார ஆள் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

வருஷத் திவசம் முடிந்த மறுநாள் தனியாக பஸ் ஏறிப் போனேன். வாங்கு காலியாகத்தான் இருந்தது. உள்ளே போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், அலுமாரி, பை, மூன்று பொய் எல்லாம். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"தெரியும்," என்றார். "தண்ணி மாத்திரை குடிக்கிற மனுஷனுக்குக் கால் அப்படி வீங்காது. நோயாளி பொய் சொல்லுவான், அது சகஜம். அதனாலதான் உங்ககிட்டக் கேட்டேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "தெரிஞ்சா ஏன் எங்களை விரட்டல? பட்டை தர மாட்டேன்னு சொன்னீங்களே?"

"விரட்டினா வேற எங்கயாவது போயிருப்பாரு. எங்கிட்ட வந்துட்டு இருந்தா, என்னைக்காவது ஒரு நாள் நீங்க சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன். அது நான் பண்ணின பிழை."

நான் அங்கே உட்காரவில்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்பி, வீட்டுக்குப் போகாமல் நேரே கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே வைத்து, அவர் பெண்சாதி பிள்ளைகள் கேட்க, மாத்திரையை அண்ணன் நிறுத்தினார், எனக்குத் தெரியும், வைத்தியர் கேட்டபோதெல்லாம் நான்தான் பொய் சொன்னேன் என்றேன். அவர் என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அடுத்த கிழமை தானே போய் வெத மாத்தயாவிடம் மன்னிப்புக் கேட்டாராம், பஸ் ஸ்டாண்டிலும் ஆள் ஆளாகச் சொன்னாராம். முப்பது வருஷமாக என்னை அண்ணி என்று கூப்பிட்டவர், இப்போது கடைத்தெருவில் எதிரே வந்தால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கமாகப் போய்விடுகிறார்.